மேல்வீட்டுச் சத்தத்துக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

எல்லீஸ் நகர், முதல் மாடி:
எங்கள் தலைக்கு மேல் மாவு வியாபாரம். விடியற்காலை நாலரைக்கே பெரிய கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிடும். சொல்லிப் பார்த்தேன். அந்த அக்கா தங்கமான மனுஷி, ஒரு தூக்கு நிறைய மாவு கொடுத்தனுப்பினார், கிரைண்டர் நிற்கவில்லை. ஜிப்சம் போர்டு அடித்தால் இடி விழுந்தாலும் கேட்காது என்றார் காண்ட்ராக்டர். அடித்தாயிற்று. மறுநாள் விடியலில் பார்த்தால் கரகரப்பு போய், ‘ஊம்ம்’ என்று ஒரே முழக்கம். ஸ்டூல் போட்டு ஏறி உள்ளங்கையை சீலிங்கில் வைத்தேன். போர்டே அதிர்கிறது! அந்த அதிர்வு இன்னும் கையை விட்டுப் போகவில்லை. ஏன் இப்படி?

திருநகர்:
எங்களுக்கு மேலே மொட்டை மாடி. வீட்டுக்காரர் மகன் அங்கேதான் சிலம்பம் பழகுகிறான். ஒரு நாள் கம்பு தரையில் பட்ட அதிர்ச்சியில் பல்லி என் தோளில் விழுந்தது. மாமியார் உடனே பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். தெர்மாகோல் ஒட்டினோம், இப்போது பரவாயில்லை. ஜிப்சம் வீண் செலவு.

ஒத்தக்கடை, கட்டட வேலை:
திருநகர் அக்கா, தெர்மாகோல் வெயிலுக்குத்தான். எடையே இல்லாத பொருள் சத்தத்தைத் தடுக்காது. பையன் பரீட்சைக்குப் படிக்கிறானோ என்னவோ.

எல்லீஸ் நகர் அண்ணே, பேச்சும் டிவியும் காற்றில் வரும் சத்தம். கிரைண்டர், காலடி, நாற்காலி இழுப்பது எல்லாம் காங்கிரீட் தளத்தையே அதிர வைத்து வருவது. உங்கள் ஆள் இரும்பு ஃப்ரேமை நேரே தளத்தில் முடுக்கியிருப்பார். அதிர்வு அது வழியாகவே போர்டுக்கு இறங்குகிறது. நடுவில் காலி இடம் வேறு, மத்தளம் மாதிரி. ரப்பர் வைத்த ஹேங்கரில் தொங்கவிட்டு, உள்ளே ராக்வுல் என்ற பாறை இழைப் பஞ்சை நிரப்பி, போர்டை இரண்டு அடுக்காக அடிக்க வேண்டும். சுவரோரம் சின்ன இடைவெளி விட்டு, இறுகிப்போகாத சீலண்டால் அடைக்க வேண்டும். ஃபேன் கொக்கிக்கும் லைட்டுக்கும் வெட்டிய ஓட்டைகளை விட்டுவிடக் கூடாது. இத்தனை செய்தும் சுவர் வழியே கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். உயரமும் அரை அடி போகும், ஃபேன் தலைக்குக் கிட்டே வந்துவிடும். அதற்குப் பதில் மேலே கிரைண்டர் காலுக்கடியில் கனமான ரப்பர் ஷீட் போடச் சொல்லுங்கள். அதிர்வைத் தளத்துக்குள் போகுமுன் பிடிப்பதுதான் மலிவு. முட்டை அட்டை ஒட்டச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள்.

என் அனுபவமா? என் வீட்டுக்கு மேலே யாரும் இல்லை.

தெற்கு மாசி வீதிப் பக்கம்:
தம்பி, உங்கள் கணக்கெல்லாம் காங்கிரீட் வீட்டுக்கு. எங்களுடையது மரக்கட்டை கொடுத்து, செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மச்சு. அதுவும் வாடகைக்கு, ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். மேலே கட்டிலை இழுத்தார்கள், ரசம் சோற்றில் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. அண்ணாந்து பார்க்கிறேன், கட்டை இடுக்கிலிருந்து தூசி இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் எங்கே சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவது?

வில்லாபுரம்:
2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான். நாலரை மணி அதற்குள் வருகிறது. புகார் கொடுங்கள் சார்.

எல்லீஸ் நகர், முதல் மாடி:
மாவு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் புகாரா? ரப்பர் ஷீட்டை நானே வாங்கிக் கொடுத்துப் பார்க்கிறேன்.

திருநகர்:
ஒத்தக்கடைத் தம்பிக்கு: பையன் படிக்கவெல்லாம் இல்லை, நேற்றும் கம்பு சுற்றினான். மேலே ஆளே இல்லாத வீட்டில் இருந்துகொண்டு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.