மேசையில் இழுக்குது, கடற்கரையில் இழுக்குதில்லை: தண்ணி ரொக்கெட் சுவிச் பெட்டி

நாவலடி ஓட்டோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் ஓட்டோ ஓடுகிறவன். வயர் வேலை கொஞ்சம் தெரியும், படித்தது இல்லை. அக்காவின் மகன் பத்தாம் வகுப்பு. வீடியோவில் மாடல் ரொக்கெட் பார்த்துவிட்டு, அதேபோல் சாவி போட்டு, பட்டன் அமத்தி விடவேண்டும் என்று நிற்கிறான். அதில் வருகிற மருந்து மோட்டார், அதாவது உள்ளே மருந்து எரிந்து ரொக்கெட்டைத் தள்ளுகிற குழாய், நம்மட பக்கம் கடையில் வாங்குகிற சாமான் இல்லை, அதை வீட்டில் செய்து பார்க்கவும் நான் விடமாட்டேன். அதனால் ரொக்கெட் சோடாப் போத்தல், சுவிச் பெட்டி மட்டும் அந்த வீடியோவில் உள்ளது மாதிரி என்று ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

போத்தல் ஒன்றரை லீட்டர், கொஞ்சம் தண்ணி விட்டு பம்பால் காற்று அடிப்போம். அதன் கழுத்து விளிம்பை எட்டு கேபிள் ரையின் (வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டி) தலைகள் பிடித்திருக்கும். ரைகள் விரியாமல் சுற்றிவர ஒரு பைப் வளையம். வளையத்தைக் கீழே இழுத்தால் ரைகள் விரிந்து போத்தல் கிளம்பும். முதலில் கயிறு கட்டித்தான் இழுத்தோம், இழுக்கிற இழுவையில் ஸ்ராண்டே சாய்ந்து ரொக்கெட் தென்னை மரத்துக்குப் போனது. அதனால் காத்தான்குடியில் பழைய சாமான் கடையில் கார் கதவுப் பூட்டு மோட்டார் ஒன்று எடுத்தேன். இரண்டு வயர் உள்ளது. ஒரு பக்கம் கரண்ட் கொடுத்தால் இழுக்கும், வயரை மாற்றிக் கொடுத்தால் தள்ளும்.

பிரச்சினை இதுதான். வீட்டு மேசையில் ஓட்டோ பற்றரியோடு நேரே கொடுத்தால் 'டக்' என்று இழுக்கிறது, விரலை வைத்தால் நோகும். கடற்கரையில் 20 மீற்றர் வயர் போட்டு, பற்றரியை நாங்கள் நிற்கிற இடத்தில் வைத்து, வீட்டு பெல் சுவிச்சை அமத்தினால் ஒரு முனகல் மட்டும். வயர் நுனியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.6 காட்டுகிறது. பற்றரியிலும் 12.6. அப்போ கரண்ட் எங்கே போகிறது? வயர் பழைய ஸ்பீக்கர் வயர், மெல்லியது. முறிவு ஒன்றும் இல்லை. இன்னொரு பற்றரியை வரிசையில் சேர்த்து 24 ஆக்கிப் பார்க்கலாமா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போன சனிக்கிழமை மருமகன் குனிந்து வளையத்தைச் சரி செய்துகொண்டிருக்கும்போது என்னுடைய சின்னவள் பெல் சுவிச்சை அமத்திவிட்டாள். அன்றைக்கு மோட்டார் இழுக்காததுதான் நல்ல காலம். போத்தலில் காற்று இருந்தது. இரவு நித்திரை வரவில்லை.


பழைய வயர்மேன், களுவாஞ்சிக்குடி எழுதியது:

மனே, 24 ஆக்காதே. மோட்டாரை மேசையில் எரித்துவிட்டு வந்து நிற்பாய்.

உன் மீட்டர் பொய் சொல்லவில்லை, நீ கேட்ட கேள்விதான் பிழை. ஒன்றும் இழுக்காத நேரத்தில் வயர் நுனியில் முழு வோல்ற்றும் நிற்கும். வோல்ற் விழுவது கரண்ட் ஓடும்போதுதான். மோட்டார் மாட்டியிருக்கும்போது, ஒருவன் பட்டனை அமத்திப் பிடிக்க, நீ மோட்டார் காலில் மீட்டரை வைத்துப் பார்.

கணக்கு சொல்கிறேன். அரை சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்றால் மீற்றருக்குக் கிட்டத்தட்ட 0.034 ஓம். 20 மீற்றர் போகவும் வரவும் 40 மீற்றர், அதாவது 1.4 ஓம். அந்த மோட்டார் முட்டி நிற்கும்போது 4, 5 அம்பியர் கேட்கும். 4 அம்பியர் ஓடினாலே 5.6 வோல்ற் வயருக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். மிச்சம்தான் மோட்டாருக்கு. வயலில் நீண்ட வயர் இழுத்து தண்ணீர்ப் பம்ப் போடுகிறவர்கள் தினமும் படுகிற பாடு இது.

தடித்த வயர் வாங்கலாம், ஆனால் அது சல்லிக்குக் கேடு. பற்றரியைத் தூக்கி ரொக்கெட் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் வை. பற்றரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு வாகன ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போடுகிற சுவிச், நான்கு கால் உள்ளது, அதன் அடியில் 30, 87, 85, 86 என்று இலக்கம் இருக்கும். 30க்குப் பற்றரி பிளஸ், 87 மோட்டாருக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கிற சுருளின் கால்கள், உன் நீண்ட வயரும் பட்டனும் இனி அந்தச் சுருளுக்குத்தான். அந்தச் சுருளுக்கு ஏறக்குறைய 0.15 அம்பியர் போதும். இப்போது உன் மெல்லிய வயரில் ஓடுவது அந்த 0.15 மட்டும், விழுவது கால் வோல்ற்கூட இல்லை. பெரிய கரண்ட் அரை மீற்றருக்குள் முடிந்துவிடும்.

பற்றரி பிளஸ் முனையோடு ஒட்டி 10 அம்பியர் பியூஸ் போடு. ஓட்டோ பற்றரி ஷோட்டானால் வயர் உருகும், மணலில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கால் சுடும். சுருளுக்குக் குறுக்கே கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒரு டயோட், 1என்4007, கோடு போட்ட பக்கம் பிளஸ் பக்கம். அது இல்லாவிட்டால் பட்டனை விடும்போதெல்லாம் தீப்பொறி பறந்து பெல் சுவிச் சீக்கிரம் கருகும்.

கிளிப்பையும் பார். கடற்கரையில் இரண்டு கிழமை கிடந்த கிளிப் பச்சை பூத்திருக்கும். சுரண்டி வஸ்லின் பூசு.


திருக்கோவில் பெடியன், இப்போ டெக்சாஸ் எழுதியது:

அண்ணா, நான் இங்கே மருந்து மோட்டார் ரொக்கெட் விடுகிற கழகத்தில் இருக்கிறேன். வயர்மேன் அண்ணன் சொன்னதைத்தான் இங்கே பெரிய ஏவுதளங்களிலும் செய்கிறார்கள். பற்றரியும் ரிலேயும் ரொக்கெட் பக்கம், கையில் இருப்பது சுவிச் மட்டும்.

உங்கள் சின்னவள் கதையை வாசித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. 1957இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய ரொக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதியில் இதற்கென்றே இரண்டு வரி இருக்கிறது. ஏவு சுவிச், கையை எடுத்தால் தானாக அணையவேண்டும். அதோடு தொடராக இன்னொரு பூட்டு இருக்கவேண்டும். பெல் சுவிச் முதலாவதற்குச் சரி. இரண்டாவதற்குச் சாவி சுவிச் தேவை. பட்டன் அமத்தியும் ரொக்கெட் போகாவிட்டால், பூட்டைக் கழற்றிவிட்டு 60 செக்கன் கழித்துத்தான் கிட்டப் போகலாம் என்பதும் விதி. மோட்டாரின் வலுவை எழுத்தால் சொல்வார்கள்; டி வரை சின்ன மோட்டாருக்கு 15 அடி, அதைவிடப் பெரியதற்கு 30 அடி தள்ளி நிற்கவேண்டும். நீங்கள் 20 மீற்றர் வைத்திருக்கிறீர்கள், நல்லது, அதைக் குறைக்கவேண்டாம்.

மருமகன் வீடியோவில் பார்த்த சிவப்பு லைற்றும் இப்போது இலேசு. பட்டனின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு எல்ஈடியும் 1 கிலோ ஓம் தடையும் தொடராகப் போடுங்கள். சாவியைத் திருப்பியதும் 10 மில்லி அம்பியர் அளவு அந்த வழியாகச் சுருளுக்குள் ஓடும். லைற் எரியும், ஆனால் ரிலே இழுக்க அது போதாது. லைற் எரிந்தால் பற்றரி, வயர், சுருள் மூன்றும் முறியாமல் இருக்கின்றன என்று அர்த்தம். எங்களுடைய பெட்டியில் இதே வேலையை, மருந்தைப் பற்றவைக்கிற இக்னைற்றர் வழியாகச் செய்கிறோம். அங்கே கரண்ட் கூடிவிட்டால் பார்க்கிறதற்குள்ளேயே ரொக்கெட் போய்விடும், அதனால் பழைய பல்ப் போடாமல் எல்ஈடிதான்.


அக்கரைப்பற்று ரீச்சர் எழுதியது:

வயரைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் பிள்ளைகளோடு நாலு வருடமாகப் போத்தல் விடுகிறேன், எனக்குக் காற்றில்தான் பயம்.

ஓட்டோத் தம்பி, மருந்து ரொக்கெட்டுக்குக் கரண்ட் இல்லாவிட்டால் ஆபத்து ஏறக்குறைய இல்லை. உங்களுடையது அப்படி அல்ல. பம்ப் அடித்த நேரத்திலிருந்தே அது விழித்திருக்கிறது. சாவி கரண்டைத்தான் பூட்டும், ரை நழுவினால் சாவி என்ன செய்யும்? வளையத்துக்குக் குறுக்கே ஒரு தடித்த ஆணி போகிற மாதிரி துளை போடுங்கள். ஆணியில் சிவப்புத் துணியும் நீண்ட நூலும். எல்லோரும் பின்னால் வந்த பிறகு நூலை இழுத்து ஆணியைக் கழற்றுங்கள்.

அடுத்தது, ரொக்கெட் போகாமல் முரண்டு பிடித்தால் காற்றை எப்படி வெளியே விடுவீர்கள்? கிட்டப் போய் வளையத்தைத் தட்டுகிற வேலை வேண்டாம். கார் ரியூபின் வால்கட்டையைப் போத்தல் பக்கம் வைக்காமல், நீண்ட குழாயின் பம்ப் பக்கத்தில் வையுங்கள். அங்கிருந்தே அதன் நடு ஊசியை அமத்தினால் காற்றும் தண்ணியும் குழாய் வழியாகத் திரும்பி வந்துவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒருமுறை முழுக்க நனைந்தேன்.

சோடா வந்த போத்தல் மட்டும்தான், குடிதண்ணீர்ப் போத்தல் மெல்லியது. தண்ணி மூன்றில் ஒரு பங்கு. 60 பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள். கீறல், மடிப்பு விழுந்த போத்தலை எறிந்துவிடுங்கள். புதுப் போத்தலை முதல் தடவை வாய்வரை தண்ணி நிரப்பி அமுக்கிப் பாருங்கள். அப்படி வெடித்தால் நனைவீர்கள், அவ்வளவுதான். காற்றோடு வெடித்தால் கதை வேறு.

சாவி பற்றி எங்களிடம் ஒரு சட்டம். ரொக்கெட் கிட்டப் போகிற பிள்ளையின் பொக்கற்றில்தான் சாவி இருக்கும். பள்ளிக்கூட அதிபரே வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது.


நாவலடி ஓட்டோ எழுதியது:

அண்ணன், அமத்திப் பிடித்துக்கொண்டு மீட்டர் வைத்தேன். 6.8! மருமகன் நம்பவில்லை, கையை எடுக்கச் சொன்னான், 12.6க்கு ஏறியது. திரும்ப அமத்தினான், 6.8. பத்துத் தரம் அமத்தியிருப்பான். அவன் பாடப் புத்தகத்தில் ஓமின் விதி இருக்கிறதாம், இப்போதுதான் விளங்குகிறதாம்.

ரிலே புதிது வாங்கினேன். சாவிக்கு என் பழைய ஓட்டோவின் சாவி சுவிச், வீட்டில் கிடந்தது. எல்லாம் மாஜரின் டப்பா ஒன்றுக்குள் அடக்கம். டயோடை மட்டும் முதல் தரம் மாற்றி வைத்துவிட்டேன். பட்டனை அமத்தினதும் புகை, டயோட் பொரிந்துபோனது. ஆனால் 10 அம்பியர் பியூஸ் போகவில்லை, அது ஏன் அண்ணன்?


பழைய வயர்மேன், களுவாஞ்சிக்குடி எழுதியது:

உன் மெல்லிய வயர்தான் காப்பாற்றியது. 12 வோல்ற்றை 1.4 ஓமால் பிரித்தால் எட்டரை, பியூஸ் போக அது காணாது. ஆனால் அந்த டயோட் 1 அம்பியர் சாமான். நீண்ட வயருக்கென்று தனியாக 1 அம்பியர் பியூஸ் ஒன்றும் போட்டுவிடு.


நாவலடி ஓட்டோ எழுதியது:

போட்டாச்சு. இன்று காலை ஆறரைக்கு நாவலடிக் கரையில் விட்டோம். மத்தியானம் கச்சான் காற்று எழும்பினால் எல்லாம் கடலுக்குள் போய்விடும், ஏற்கனவே இரண்டு போத்தல் கொடுத்திருக்கிறேன். அமத்திய நேரம் மோட்டார் காலில் 11.7. ஆறு தரம் அமத்தினோம், ஆறும் கிளம்பியது. ஐந்தாவது தரம் சாவியைத் திருப்பியும் லைற் எரியவில்லை. பார்த்தால் நாய் ஒன்று வயரைக் கடித்து இழுத்துக்கொண்டு போகிறது. பழைய பெட்டி என்றால் பட்டனை அமத்தி அமத்திப் பார்த்துவிட்டு நான் நேரே ரொக்கெட் கிட்டப் போயிருப்பேன்.

ரீச்சர் சொன்ன சட்டத்தை மருமகன் பாடமாக்கி வைத்திருக்கிறான். சின்னவள் அழுதாள், கொடுக்கவில்லை. பின்னேரம் நான் தனியே ஒருக்கா அமத்திப் பார்ப்போம் என்று டப்பாவை எடுத்தேன். சாவி இல்லை, அவன் பொக்கற்றோடு வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமைதான் வருவானாம்.