தீக்குச்சி வைத்து முடுக்கிய கட்டிலில் குழந்தையைப் போடலாமா?

தேக்குமரம்: கைமாறி வந்த குழந்தைக் கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவது சுத்த சோம்பேறித்தனம். முதலில் 120, அப்புறம் 220 நம்பர் உப்புத்தாள். மேலே ரெண்டு கோட் எனாமல். திருகு பிடிக்காமல் சுற்றினால் ரெண்டு தீக்குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் சொருகி முடுக்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இழைப்புளி: தீக்குச்சியா! காலண்டர் மாட்டும் ஆணிக்குச் செய்கிற வைத்தியம் அது. பிள்ளை எழுந்து நிற்கப் பழகியதும் மேல்சட்டத்தைப் பிடித்து உலுக்கும். அந்த ஆட்டம் அத்தனையும் மூலைத் திருகில்தான் இறங்கும். தீக்குச்சி மெத்து மரம், அதன் ரேகையும் திருகு போகும் திசையிலேயே ஓடுகிறது. திருகின் மரை ரேகையை வெட்டிப் பிடிக்காது, பிளந்துகொண்டு போகும். முடுக்கிய அன்று கல் மாதிரி நிற்கும், ஆட ஆடப் பொடியாகும்.

தேக்குமரம்: தீக்குச்சிக்குப் பதில் மரமுளை, அதாவது உருண்டை மரக்கட்டை, அடித்தால் மட்டும்? அதன் ரேகையும் அதே திசைதானே, மேதாவி சார்?

இழைப்புளி: நேராக அடித்தால் அதே திசைதான். அதனால்தான் குறுக்கே அடிக்கச் சொல்வது. சட்டத்தின் உள்பக்கத்திலிருந்து, திருகு வரும் பாதையைக் குறுக்கே வெட்டும்படி 10 மி.மீ. துளை. முளையைப் பசையோடு இறக்கி ஒரு நாள் காயவிட்டு, பிறகு திருகுக்குத் துளை போட வேண்டும். அதைவிடக் கெட்டி, அதே குறுக்குத் துளையில் உருளை நட்டு (பக்கவாட்டில் மரை வெட்டிய இரும்பு உருளை) வைத்து 6 மி.மீ. போல்ட் கொடுப்பது, போல்ட் போகும் துளை 7 மி.மீ. இதெல்லாம் கெட்டி மரத்துக்கு. மரத்தூளைப் பசையில் அழுத்திய பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் துளை விளிம்பே உதிரும். பேசாமல் புதுசு வாங்குங்கள்.

நாலுகால்: மரையாணி, சுரை என்று நல்ல தமிழ் இருக்கும்போது போல்ட், நட்டு எதற்கு?

இழைப்புளி: கடையில் போய் சுரை கேளுங்கள். காய்கறிக் கடைக்கு வழி சொல்வார்கள்.

ஈரத்தாள்: தீக்குச்சி கிடக்கட்டும், அந்த உப்புத்தாள்தான் எனக்குப் பயம். பழைய பெயின்டில் ஈயம் இருந்தால், தேய்க்கும் தூசி வீடு முழுக்கப் படியும். அமெரிக்காவே வீட்டு பெயின்டில் ஈயத்தைத் தடுத்தது 1978-ல்தான். ஈயச் சோதனைக் குச்சியை மேலாகத் தேய்த்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அது மேல் கோட்டை மட்டும்தான் சொல்லும். மரம் தெரியும்வரை பிளேடால் சாய்வாகக் கீறி எல்லா அடுக்கிலும் தேய்க்க வேண்டும். ஈயம் என்று தெரிந்தால் அந்தக் கட்டிலே வேண்டாம்.

தேக்குமரம்: நான் உலரத் தேய்க்கச் சொன்னேனா? எங்கே, காட்டுங்கள்.

ஈரத்தாள்: நனைத்துத் தேய்க்கச் சொன்னது எங்கே, நீங்கள் காட்டுங்கள்.

பெட்டிபிரி: புதுசு வாங்கினால் இந்தத் தலைவலியே கிடையாது.

தேக்குமரம்: அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் மூக்கில் ஏறுகிறதே ஒரு வாடை, அது என்ன? எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையில் அழுத்திய பலகை, அதன் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு. பூச்சில்லாத வெட்டு ஓரத்தில்தான் அதிகம் கசியும். அந்தக் காலத்துக் கட்டிலில் அதெல்லாம் கிடையாது. சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கித் துளைக்குள் சேர்த்து இறுக்கியது, ஒரு திருகுகூட இருக்காது.

இழைப்புளி: திருகே இல்லாத கட்டிலுக்குத் தீக்குச்சி எதற்கு?

தேக்குமரம்: எல்லாக் கட்டிலுக்குமா சொன்னேன்?

இழைப்புளி: "திருகு பிடிக்காமல் சுற்றினால்" என்று எழுதியது யார்? போன திரியில் வார்னிஷைத் தேய்க்காமலே அதன்மேல் எமல்ஷன் அடிக்கச் சொன்னவரும் நீங்கள்தானே? ஒரு ஞாயிறாம்! எண்ணெய் எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வரும், உள்ளே இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். பல் முளைக்கும் பிள்ளை முதலில் கடிப்பதே அந்த மேல்சட்டத்தைத்தான். இன்னொன்று, பக்கம் இறங்கும் வகைக் கட்டிலா என்று இங்கே ஒருவராவது கேட்டீர்களா? அமெரிக்காவில் 2011 ஜூன் 28 முதல் அந்த வகையை விற்கவே கூடாது. கொக்கி உடைந்தால் பக்கம் ஒரு மூலையில் விலகும், பிள்ளை அந்த இடுக்கில் சிக்கும். கிராதி இடைவெளி 60 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, மெத்தை ஓரத்தில் ரெண்டு விரலுக்கு மேல் நுழைந்தாலோ, எத்தனை கோட் அடித்தும் பிரயோஜனமில்லை. அங்கேயும் தீக்குச்சி சொருகுவீர்களா?

தேக்குமரம்: பேச்சை மாற்றாதீர்கள். பசை காய்ந்த பிறகு அது தீக்குச்சியே இல்லை. மரமும் பசையும் சேர்ந்த ஒரே கட்டி. நாலு குச்சி வைத்தால் அசையாது.

இழைப்புளி: காலையில் ரெண்டு. இப்போது நாலு. ராத்திரிக்குள் பெட்டியே காலியாகும்.

நாலுகால்: மருந்து முனையைக் கிள்ளிவிட்டுத்தானே சொருகுகிறீர்கள்?

இழைப்புளி: அதையும் அவர் எழுதவில்லை.