இழை: ‘ஹெட்டிங்’, ‘டிராக்’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும் (வெள்ளிக்குள்!)

நாகர்கோவில், கணக்கு டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு வெக்டர் (அளவும் திசையும் சேர்ந்தது) பயிற்சித்தாள் அடிக்கிறேன். குளச்சலில் இருந்து ஒரு வள்ளம் நேர் தெற்கே முகம் வைத்து மணிக்கு 12 கிமீ ஓடுகிறது. நீரோட்டம் கிழக்கே 5 கிமீ. ஆக வேகம் 13, பாதை கிழக்கே 22.6 பாகை சாயும். சரி, நேர் தெற்கேதான் போய்ச்சேர வேண்டும் என்றால்? முகத்தை மேற்கே 24.6 பாகை திருப்ப வேண்டும், வேகம் 10.9 ஆகிவிடும். முதல் கணக்கில் 12 வெறும் பக்கம், இரண்டாவதில் அதுவே கர்ணம். வள்ளத்தின் முகம் பார்க்கும் திசை ஹெட்டிங், அது உண்மையில் போகும் திசை டிராக்; நான் இரண்டையும் ‘திசை’ என்றே எழுதித் தொலைத்தேன். பாதி வகுப்பு இரண்டுக்கும் 22.6 போட்டுவிட்டது.

மதுரை, தமிழ்ப் பேராசிரியர்:
முகத்திசை, செல்திசை. முடிந்தது. ஆனால் அம்மா, ‘வெக்டர்’ என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள்? லத்தீனில் அது ‘சுமப்பவர்’. நம்மிடம் காவுதல் இருக்கிறது; காவடி அதில் பிறந்தது.

யாழ்ப்பாணம்:
நாங்கள் பள்ளியில் படித்ததே காவிதான், ஐயா. ஸ்கேலர் (திசை இல்லாத வெறும் அளவு) எண்ணி. ரிசல்டன்ட் (வெக்டர்களைக் கூட்டினால் வருவது) விளையுள்.

டீச்சர்:
இங்கே காவி என்றால் வேட்டியைத்தான் நினைப்பார்கள். நான் கேட்டது அதுவும் இல்லை.

தூத்தூர்:
டீச்சர், வள்ளத்தின் முன்தலையை நாங்கள் அணியம் என்போம். அணியம் ஒரு பக்கம் பார்க்கும், வள்ளம் வேறு பக்கம் போகும். கடலில் அது தினமும் நடப்பதுதான். கண்டுபிடிக்கக் கணியம் இருக்கிறது. கரையில் கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு மலையையும் ஒரே நேரில் பிடித்து வைத்துக்கொள்வோம். நீரோட்டம் இழுத்தால் கோபுரம் மலையை விட்டு மெல்ல நகரும். அணியத்தைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பிடித்தால் நகராது. உங்கள் 24.6 அதுதானே?

பேராசிரியர்:
அருமை! கணியத்தையும் கணியன் பூங்குன்றனையும் சேர்த்துப் பாருங்கள். ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்று புறம் 192-இல் பாடியவர் அவர்தானே! புணை என்றால் தெப்பம்; ஆகவே நீரோட்டம் இழுத்துப்போகும் ‘டிரிஃப்ட்’ என்பதற்குப் புணைப்பாடு.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
டிரிஃப்டை யார் கேட்டார்கள்? ஹெட்டிங்கைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம். ‘அணியம்’ தோவாளையில் பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைக்குப் புரியுமா?

பேராசிரியர்:
புரியாதது ஒருபுறம். தனித்தமிழில் அணியம் என்றால் ‘தயார்’. அணியத்திசை என்றால் தயார்நிலைத் திசை என்று ஆகும்.

தூத்தூர்:
கடலில் அப்படி யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சார்.

டீச்சர்:
நேற்று கரும்பலகையில் வள்ளம் வரைந்து, முன்தலையில் ‘அணியம்’ என்று எழுதினேன். தோவாளைப் பிள்ளை உட்பட யாரும் அர்த்தம் கேட்கவில்லை. ‘முகம்’ என்று எழுதியபோது வள்ளத்துக்குக் கண்ணும் மூக்கும் வரைந்த வகுப்பு இது. அணியத்திசை, ஓடுதிசை என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்திலேயே ஹெட்டிங், டிராக். மூன்று பேர் ஆதரவு, பேராசிரியர் ஐயா ஒருவர் எதிர்ப்பு.

பேராசிரியர்:
எதிர்ப்பு அப்படியே நிற்கட்டும். அப்புறம், தாளில் ‘கர்ணம்’ என்று இருக்கிறதே, அது வடசொல்.

யாழ்ப்பாணம்:
எங்களிடம் செம்பக்கம், ஐயா.

சென்னை:
தயவுசெய்து புது இழை தொடங்குங்கள்.