இடது பெட்டியில் ட்வீட்டர் கரகரக்கிறது, கண்டன்சரை மாற்ற வேண்டுமா?

ரங்கூன்_29:
வணக்கம் அண்ணே. அப்பாவுக்காக ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி செய்திருக்கிறேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் நாதஸ்வரம் கேட்காமல் தூக்கம் வராது. கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கரான ஊஃபருக்கும், கீச்சுச் சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரை, பெட்டி செய்து மிஞ்சிய தேக்குத் துண்டின் மேலேயே கட்டினேன். ஊஃபர், ட்வீட்டர் இரண்டும் 8 ஓம். 3,000 ஹெர்ட்ஸில் பிரியும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு 3.3 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர், ஒரு 0.85 மில்லி ஹென்றி காயில். ட்வீட்டருக்கு பிளஸ் மைனஸை மாற்றித்தான் கொடுத்திருக்கிறேன்.

வலது பெட்டி அருமையாகப் பாடுகிறது. இடதில் ஊஃபர் நன்றாக இருக்கிறது, ஆனால் தவில் அடி விழும்போதெல்லாம் ட்வீட்டர் கரகரவென்கிறது. ட்வீட்டர் பக்கத்துக் காயிலை மூங்கில் குச்சியால் அழுத்தினால் சரியாகிறது, விட்டால் மறுபடி அதே கதை. இடது பக்கத்துக்கு சால்டர் வைத்த ராத்திரி பாதியில் கரன்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் வயர் இழுத்து முடித்தேன். அந்த இடத்தில் ஈயம் பளபளக்காமல் சாம்பல் நிறத்தில் உருண்டு நிற்கிறது. கண்டன்சர் போய்விட்டதா?

மோல்மீன்_ரேடியோ:
தம்பி, கண்டன்சரைத் தொடாதே. ஊஃபருக்குப் போகிற கரன்ட் முழுவதும் அதன் காயில் வழியாகத்தான் போகிறது. ஊஃபர் பாடுகிறது என்றால் அந்தக் காயில் சரி. ட்வீட்டருக்குக் குறுக்கே இன்னொரு காயில் போட்டிருக்கிறாயே, அதுதான் விட்டுப்போயிருக்கிறது. கண்டன்சரைத் தாண்டி வருகிற கனத்த சத்தத்தை அந்தக் காயில்தான் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் கண்டன்சர் ஒன்றே தடுக்க வேண்டும், அது போதாது. தவில் நேராக ட்வீட்டருக்குள் இறங்கிவிடும். சரிசெய்கிற வரை அந்தப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டாதே, ட்வீட்டர் தாங்காது.

எதையும் கழற்றாமலே சோதிக்கலாம். ஆம்ப்ளிஃபயர் வயரை எடுத்துவிட்டு, ட்வீட்டரின் இரண்டு முனையிலும் மீட்டரை ஓமில் வைத்துப் பார். ஒரு ஓமுக்குள் காட்டினால் காயில் பிடித்திருக்கிறது. 6 ஓம் பக்கம் காட்டினால் மீட்டர் ட்வீட்டரை மட்டும்தான் பார்க்கிறது.

பெகு_வைண்டிங்:
ஜெனரேட்டரில் 230க்குப் பதில் 180 வோல்ட்தான் வந்திருந்தால் 60 வாட் சால்டரிங் அயர்ன் 37 வாட்டாகிவிடும். தடித்த செம்புக் கம்பி அந்தச் சூட்டை அப்படியே குடித்துவிடும். ஆனால் எனக்கு எனாமல் மேல்தான், அதாவது காயில் கம்பி மேல் பூசியிருக்கிற வார்னிஷ் மேல்தான் சந்தேகம். காயில் கம்பியை உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள், அடிப்பக்கமும் செம்பு தெரிய வேண்டும். முதலில் கம்பிக்குத் தனியாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள். அப்புறம் முறுக்கிக் கட்டி, கம்பியைச் சூடாக்கி, ஈயத்தைக் கம்பியில் வையுங்கள். அயர்ன் முனையில் உருக்கி மேலே சொட்டவிடக் கூடாது. உறைகிற வரை கம்பி அசையவும் கூடாது. குழாய் வேலைக்கு விற்கிற அமிலப் பேஸ்ட் பக்கமே போக வேண்டாம், செம்பை அரித்துவிடும்.

இன்னொன்று, இரண்டு காயிலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறதா? ஒன்றை நிமிர்த்தி வைத்து, கொஞ்சம் தள்ளியும் வையுங்கள்.

ரங்கூன்_29:
அண்ணே, இடதில் 5.8 ஓம், வலதில் 0.5! பிளேடால் நெம்பியதும் கம்பி ஈய உருண்டைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உருண்டையின் நடுவில் ஊசி குத்தியது போல ஒரு துளை. கம்பியில் ஒரு பொட்டு ஈயம்கூட ஒட்டவில்லை. மேல்பக்கம் மட்டும் சுரண்டியிருக்கிறேன், அடியில் வார்னிஷ் அப்படியே பழுப்பாக இருந்தது.

காலை 4 மணிக்குக் கரன்ட் வந்தது. உட்கார்ந்து சுற்றிலும் தேய்த்து, ஈயம் பூசி, கட்டி வைத்தேன். இந்த முறை ஈயம் தண்ணீர் மாதிரி கம்பிக்குள் ஓடிப் படிந்தது. இப்போது இடதும் 0.5. ஒரு காயிலையும் நிமிர்த்திவிட்டேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன், கரகரப்பு இல்லை. அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் முதலில் மல்லாரி போடப் போகிறேன், கரன்ட் இருந்தால்.