பழைய லாரியில் ஸ்டியரிங் உதறல்: கிங் பின்னா, வீல் பேரிங்கா, பட்டையா?

லாரி உரிமையாளர், சங்ககிரி:

வணக்கம். என் லாரி 2008 மாடல், ஆறு சக்கரம், ஏர் பிரேக்; முன்பக்கம் ஐ-பீம் ஆக்ஸிலும் (இரு முன் சக்கரங்களுக்கும் இடையே உள்ள இரும்பு உத்திரம்) பட்டைக் கட்டும் (லீஃப் ஸ்பிரிங்) உள்ளன. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது பாலத்தின் இணைப்பிலோ குழியிலோ முன் சக்கரம் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் இருபுறமும் உதறத் தொடங்குகிறது. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்குகிறது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதில்லை. இடப்பக்க முன் டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்கிறது. அலைன்மென்ட் பார்த்தும் பயனில்லை. ஒரு பட்டறையில் வீல் பேரிங் மாற்றச் சொல்கிறார்கள், இன்னொன்றில் ஸ்டியரிங் பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் முன் குறையைச் சரியாகக் கண்டுபிடிக்க வழி கூறுங்கள்.

மெக்கானிக், நாமக்கல்:

வணக்கம் ஐயா. எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு ஜாக்கியும் ஒரு கடப்பாரையும் இரண்டு ஆட்களும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆக்ஸில் பீமுக்கு அடியில் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் பீமின் கீழ் ஸ்டாண்டும் வையுங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், டேங்கில் காற்று நிறைந்திருக்கும் நிலையில் ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்தவுடன் டிரம்மும் ஸ்டப் ஆக்ஸிலும் (சக்கரம் சுழலும் தண்டு) ஒன்றாக இறுகிவிடுவதால் பேரிங் ஆட்டம் மறைந்துவிடும். அப்போதும் ஆட்டம் மிஞ்சினால் அது கிங் பின் (சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக நிற்கும் முளை), புஷ் (அந்த முளையைச் சுற்றியுள்ள உறை) ஆகியவற்றின் தேய்மானம்தான். பேரிங் மாற்றச் சொல்லும் பலர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

அடுத்து டயரைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் இணைப்புகளான டை ராட் எண்ட், டிராக் லிங்க் மூட்டு ஆகியவற்றின் ஆட்டம் தெரிந்துவிடும். பட்டைப் பக்கம், அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் பின் இருக்கும் இடத்தில் கடப்பாரையை நுழைத்து நெம்பிப் பாருங்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் பட்டையின் மீது நகர்ந்திருந்தால், முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை உள்ள தூரம் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. அதையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

லாரி உரிமையாளர், சங்ககிரி:

மிக்க நன்றி ஐயா. இடப்பக்கம் பிரேக் பிடித்த பிறகும் ஆட்டம் அப்படியே இருக்கிறது. நக்கிளின் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) கீழ்க் காது பீமை விட்டு நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. மேல் நிப்பிளில் (கிரீஸ் செலுத்தும் முனை) கிரீஸ் அடித்தால் பழைய கிரீஸ் வெளியே வருகிறது, கீழ் நிப்பிளில் கிரீஸ் கன் இறுகி நிற்கிறதே தவிர எதுவும் வரவில்லை. வலப்பக்கம் லேசான ஆட்டம் மட்டுமே. தூரம் இரு பக்கமும் சமமாக உள்ளது. இடப்பக்கத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

லேத் பட்டறை, திருச்செங்கோடு:

இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் அலைன்மென்ட் நிற்காது. உள்விளிம்பு தேய்வதன் காரணமும் இதுதான்: புஷ் தேய்ந்ததும் வண்டியின் எடையால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்கிறது. ஸ்டியரிங் திரும்பி வராததற்குக் கிரீஸ் போகாத கீழ் புஷ்ஷும் எடையைத் தாங்கும், காய்ந்துபோன த்ரஸ்ட் பேரிங்கும் காரணமாக இருக்கலாம்.

வேலையின்போது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவை சில உண்டு. பூட்டுப் பின்னைக் கழற்றிய பிறகும் கிங் பின் இறங்க மறுத்தால் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். கேஸ் வைத்துப் பீமின் கண்ணை (கிங் பின் நுழையும் துளை) சூடாக்க விடாதீர்கள், பதப்படுத்திய இரும்பின் வலிமை போய்விடும். புதுப் பின் பீமின் கண்ணில் தளர்வாக உட்கார்ந்தால் கண்ணே தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. புதுப் புஷ்ஷைத் தட்டி ஏற்றுமுன் அதன் கிரீஸ் துளை நிப்பிள் துளைக்கு நேராக இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். மேல், கீழ் இரண்டு புஷ்ஷையும் ஒரே நீண்ட ரீமரால் ஒரே கோட்டில் கடைய வேண்டும். தனித்தனியாகக் கடைந்தால் பின் ஒரு பக்கம் இடித்துக்கொண்டு ஸ்டியரிங் மறுபடியும் கனத்துவிடும். கிரீஸ் தடவிய பின் கையால் தள்ளும்போது வழுக்கிச் செல்ல வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. பீமுக்கும் நக்கிளின் மேல் காதுக்கும் உள்ள இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) போட்டு மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் டோ-இன் (முன் சக்கரங்களின் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்க்க வேண்டும்.

லாரி உரிமையாளர், சங்ககிரி:

இரு பக்கமும் கிங் பின் செட் மாற்றி முடித்தாயிற்று, இடப்பக்க டை ராட் எண்டும் சேர்த்து மாற்றினோம். நீங்கள் சொன்னபடி அருகிலேயே நின்று பார்த்தேன். கழற்றிய கீழ் புஷ்ஷின் துளை நிப்பிளுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. முன்பு எப்போதோ மாட்டியவர்கள் கவனிக்காததால் அந்தப் புஷ்ஷுக்குக் கிரீஸே போய்ச் சேரவில்லை. இப்போது லோடுடன் அதே பாலத்தில் ஏறி இறங்கியும் உதறல் இல்லை, ஸ்டியரிங்கும் தானாக நேருக்கு வருகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

மெக்கானிக், நாமக்கல்:

மகிழ்ச்சி ஐயா. தேய்ந்த டயரை உடனே முன்பக்கம் மாட்டாதீர்கள். அதன் வடிவமே வண்டியை ஒரு பக்கம் இழுக்கும்.