மிதவைப்பாத்தி: வீட்டு மீன்தடாகத்துச் செடிப்படுக்கைக்கு ஒரு பெயர்

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

வன்னியில் வீட்டு முற்றத்து மீன்தடாகங்களில் செடி வளர்ப்பதற்காக நாமே கட்டிக்கொள்ளும் மிதக்கும் அமைப்புக்கு இந்த இழையில் இதுவரை 'மிதக்கும் தோட்டம்', 'நீர்ப்பூந்தொட்டி', 'புணைத்தோட்டம்' என்னும் மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் 'மிதவைப்பாத்தி' என்பதை முன்மொழிகிறேன். பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்த பிறகே பெயரை எடைபோட முடியும் என்பதால் அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதில் உறுப்புகள் இரண்டு. பாரம் தாங்கும் மிதவை ஒன்று; வேரூன்றும் படுக்கை மற்றொன்று. 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயை ஒரு மீற்றர் நீளத்தில் நான்கு துண்டுகளாக வெட்டி, மூலைகளில் முழங்கை மூட்டு வைத்து, நீர் புகாதபடி ஒட்டிச் சதுரமாக்கினால் மிதவை தயார். ஒரு துண்டு முழுவதும் அமிழ்ந்தால் ஏறத்தாழ ஒன்பதரை லீற்றர் நீரை விலக்கும் என்பதால், நான்கும் சேர்ந்து தம் சொந்த எடை உட்பட 38 கிலோகிராம் வரை தாங்கும். ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டுகளை வைத்துக் கட்டுவோரும் உண்டு. ஆனால் அது வெயிலில் உதிர்ந்து மணிமணியாக நீரில் பரவ, மீன்கள் அதனை இரையென்று விழுங்கும் ஆகையால் நான் அதை விரும்புவதில்லை.

சதுரத்தின் உள்ளே நைலோன் வலையைத் தொய்வாகக் கட்டி, மண்ணைத் தவிர்த்துக் கழுவிய தென்னந்தும்பை நிரப்பி, கங்குன் கீரை, வல்லாரை, வசம்பு போன்றவற்றை நடலாம். வேர்கள் வலைக்கண் வழியே வெண்ணிறச் சடைபோலக் கீழிறங்கி, மீன்கழிவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்றை உறிஞ்சிக்கொள்வதால் நீரைப் பச்சையாக்கும் பாசிக்கு உணவு குறைகிறது. திலாப்பியா வளர்ப்பவர்கள் அந்த வேர்களைக் காப்பதற்கு ஒரு சாண் கீழே இரண்டாவது வலை ஒன்றைப் பைபோலத் தொங்கவிட வேண்டும்; இல்லாவிட்டால் மீன் கொறித்து வேர் கட்டையாகிவிடும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடாமல் விடுவது மீனின் மூச்சுக்கு நல்லது.

இனிப் பெயருக்கு வருகிறேன். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கத்துத் தடாகங்களில் நீர் ஆவியாகி மட்டம் நாளுக்கு நாள் இறங்குகிறது. செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்த சாடி அப்போது நீருக்கு வெளியே காய்ந்து நிற்கும். மிதவையில் கட்டியதோ நீரோடு சேர்ந்து இறங்கும். இந்த அமைப்பு இங்கே பயன்படுவதற்குக் காரணமே அதன் மிதவைதான் என்பதால் அந்தச் சொல் பெயரில் நிற்க வேண்டும். 'நீர்ப்பூந்தொட்டி' அதனைச் சொல்லவில்லை. அடியில் அமிழ்த்தி வைத்த அல்லிச் சாடிக்கும் அந்தப் பெயர் பொருந்திவிடும். மேலும் தொட்டி என்றதும் நம்மவர்க்கு நீர் நிரப்பும் தொட்டியே முதலில் நினைவுக்கு வரும்.

'மிதக்கும் தோட்டம்' கேட்க இனிமையானது; ஆனால் வேறொரு பொருளுக்கு உரியது. வங்காளதேசத்தில் ஆகாயத்தாமரையை அடுக்கி அழுகவிட்டு, அந்தக் குவியலையே மிதக்கும் படுக்கையாக்கிப் பயிரிடுகிறார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2015 இல் அதனை உலக வேளாண் மரபாக ஏற்றது. அங்கே படுக்கை தானே மிதக்கிறது. இங்கே மிதவை அதனைத் தாங்குகிறது. இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிதக்கும் செடி என்று புரிந்துகொண்டு ஒருவர் ஆகாயத்தாமரையையோ சல்வீனியாவையோ கொண்டுவந்து வளர்த்தால், மாரி வெள்ளத்தோடு அது வாய்க்கால் வழியே குளத்துக்குப் போய்விடும். ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினார்கள் என்பதை நினைத்தால், பெயரால் உண்டாகும் மயக்கத்தைச் சிறிதாக எண்ண முடியாது.

'புணை' அழகிய பழஞ்சொல். ஆயினும் அது ஆளையும் பொருளையும் கரைசேர்ப்பது. நாம் கட்டுவது ஓரிடத்தில் நிற்க வேண்டியது.

'பாத்தி' என்பது நீர் பாய்ச்சுவதற்கு வரம்பு கட்டிய நிலமல்லவா, நீரின் மேல் இருப்பதைப் பாத்தி எனலாமா என்ற ஐயம் எழக்கூடும். பாத்தி மாறித் தண்ணீர் கட்டிய கைகளுக்கு அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் நீர் பாய்ச்சாமல் பூவாளியால் தெளிக்கும் நாற்றுமேடையையும் பாத்தி என்றே சொல்கிறோம். வரம்புக்குள் அடங்கிய நடுகைப் பரப்பு என்பதே அதன் உயிர்ப்பொருள். குழாய்ச் சதுரம் இங்கே வரம்பாகிறது. ஒரே செடி வைக்கும் சிறிய அமைப்புக்கு, நம் வழக்கிலுள்ள பூச்சாடியை ஒட்டி, 'மிதவைச்சாடி' என்று தனிப்பெயர் கொள்ளலாம்.

காற்று பாத்தியை ஒரு மூலைக்குத் தள்ளாமல் இருப்பதற்குக் கரையில் முளை அடித்து, மட்டம் இறங்கும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டும் கயிற்றுக்கும் பெயர் வேண்டும். 'நங்கூரக் கயிறு' என்றால் அடியில் பாரம் போட்டதாகிவிடும். ஆகவே 'தரிப்புக்கயிறு' எனலாம் என்று கருதுகிறேன். இரணைமடு, முத்தையன்கட்டுக் குளக்கரைகளில் தோணி கட்டும் மீனவர்களிடம் இதற்கு வழக்குச்சொல் இருந்தால், அதனை அறிந்தவர்கள் இங்கே எழுத வேண்டும். அது கிடைத்தால் என் சொல்லை மீளப் பெற்றுக்கொள்வேன்.