ஊர்க் காவலுக்குச் சம்பளம் கொடுப்பதற்கு முன்

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர் அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மீஞ்சூரை அடுத்த நம் ஊரில், பூட்டிக் கிடந்த வீடு ஒன்றின் பின்கதவு உடைக்கப்பட்ட செய்தி வந்ததிலிருந்து, ஆளுக்கொரு தொகை போட்டு ஊர் இளைஞர்களைச் சம்பளத்துக்கு இரவுக் காவலில் அமர்த்தலாம் என்ற யோசனை வலுத்து வருகிறது. பித்தளை அண்டாவையும் தண்ணீர் மோட்டாரையும் பறிகொடுத்தவரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த யோசனைக்கு என் பங்கைத் தர எனக்குச் சம்மதமில்லை.

நம் பக்கத்தில் நடப்பவை பெரும்பாலும் மோட்டார், செம்புக் கம்பி, ஆடு, இருசக்கர வண்டி ஆகியவற்றின் திருட்டுகளும், எப்போதாவது ஒரு சங்கிலிப் பறிப்பும்தான். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தபின் புதுமுகங்கள் கூடியிருப்பது உண்மை. அனல்மின் நிலையத்துக்கும் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்கும் வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக்காரர்கள் நம் தெருக்களிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். கையில் தடியும் சம்பளமும் கொடுத்து இருட்டில் நிறுத்தப்படும் பிள்ளைகள் முதலில் மறிக்கப்போவது இரவுப்பணி முடிந்து வரும் இவர்களைத்தான்.

இது வெறும் பயமல்ல. 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, நமக்குப் பக்கத்திலுள்ள பழவேற்காட்டில் ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே வாரத்தில் போளூர் அருகே, கோயிலுக்குப் போன வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட செய்திகளைச் சரிபார்க்காமல் ஊருக்கு அனுப்பியவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களும் உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது. காவல்துறைக்குப் பொதுமக்கள் துணைநிற்க 1993இல் ராமநாதபுரத்தில் நல்லெண்ணத்தோடு தொடங்கிய ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பே, சாத்தான்குளத்தைச் சேர்ந்த தந்தையும் மகனும் காவலில் இறந்தபின் எழுந்த குற்றச்சாட்டுகளால், 2020 ஜூலையில் தமிழகத்தில் தடை செய்யப்பட்டது. காவல்துறையோடு இணைந்திருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், நாம் சம்பளம் கொடுக்கும் பையன் யாரையாவது அடித்துவிட்டால் வழக்கில் அவனோடு நிற்கப்போவது யார்? தன் கண்ணெதிரே கடுங்குற்றம் செய்பவரைத் தனிநபர் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். விசாரிக்கவோ அடிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை.

2022 ஜனவரி 1 முதல் மீஞ்சூர் காவல் நிலையம் திருவள்ளூர் மாவட்டக் காவலிலிருந்து ஆவடி ஆணையரகத்துக்கு மாறிவிட்டது. ஆகவே நம் மனு ஆய்வாளருக்கும் ஆவடி ஆணையருக்கும் போக வேண்டும். இரவு ரோந்து வரும் காவலர் கையெழுத்திடும் ‘பட்டா புத்தகம்’ எனும் ரோந்துப் பதிவேடு ஒன்றை ஊர்க்கோடியில் வைக்கவும், பூட்டிய வீடுகளை ரோந்தில் பார்வையிடவும் அதில் கேட்கலாம். நம் பணத்தில் தெருவிளக்குகளைச் சரிசெய்யலாம். கேமரா வைப்பதானால் பராமரிப்புக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். கடலோர உப்புக்காற்றில் பழுதாகி வெறும் அலங்காரமாகத் தொங்கும் கேமராக்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

புகார் விஷயத்தில் ஒன்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் புகார் அளிக்கலாம் என்றாலும், மூன்று நாட்களுக்குள் புகார்தாரர் கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு இது எளிதல்ல என்பதால், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரே நேரில் புகார் கொடுத்து ரசீது வாங்குவது நல்லது.

அண்டா போனால் வாங்கிக்கொள்ளலாம். காலிமனை போனால் வாங்க முடியாது. சாலை வந்து விலை ஏறிய இடத்தில் ஆள்மாறாட்டப் பத்திரம்தான் வெளிநாட்டில் இருப்பவருக்குப் பெரிய ஆபத்து. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றியே பார்க்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது பாருங்கள்.

மனுவை நான் எழுதித் தருகிறேன். பூட்டிய வீட்டின் விவரம், சாவி யாரிடம் இருக்கிறது, ஊருக்கு எப்போது வருவீர்கள் என்பவற்றைத் தயவுசெய்து இங்கே பொதுவில் எழுதாமல், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.